பத்து வருட விசா கையில். ஊருக்குப் போகலாமா என்று கேட்டால் பதில் இல்லை

பாரிஸ் லா சப்பலின் ரூ காய் வீதியில் மளிகைக் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல்களைக் கொஞ்சம் நின்று படித்துப் பாருங்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அதற்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு. கனடா என்று போட்டிருப்பவர் அநேகமாகக் குடியுரிமை எடுத்தவர். செத்தவீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். பிரான்ஸ் என்று போட்டிருப்பவர் போனாரா இல்லையா என்பது அவருடைய பயணப் பத்திரத்தைப் பொறுத்தது. 'எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கை தவிர' என்று அதில் அச்சிட்டிருந்தால், பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைத்தது மருமகனாகவோ பெறாமகனாகவோ இருந்திருக்கும். மூத்த மகன் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கியவர்களில் தொடங்கி 2009 மே மாதம் போர் முடிந்த பின் வந்தவர்கள் வரை, பிரான்சில் அகதியாக ஏற்கப்பட்ட ஈழத் தமிழர்களான நம்மவர்களின் நிலை இதுதான். 40 வருடமாகியும் மாறவில்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த வதிவிட அட்டையைத்தான் நாம் 'பத்து வருட விசா' என்கிறோம். அதைக் காட்டி வேலை செய்கிறோம், வீடு வாங்குகிறோம், கடை திறக்கிறோம், வரி கட்டுகிறோம். இந்த மண்ணில் நிரந்தரமாக இருக்கலாம் என்று அரசே எழுதிக் கொடுத்த அட்டை. ஆனால் அதை வைத்திருப்பவர் எந்த நாட்டுக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது, போனால் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே பதிலை இரண்டு அலுவலகங்களில் கேட்டு வாங்கியவரை லா சப்பலில் காண்பது கடினம்.

ஒரே வீட்டுக்குள் எத்தனை விதம் என்று பாருங்கள். கணவர் அகதி, அவருடைய பத்திரத்தில் இலங்கை இல்லை. மனைவி கலியாணத்துக்குப் பிறகு குடும்ப இணைப்பில் வந்தவர். அவரிடமும் பத்து வருட அட்டை உண்டு, கூடவே இலங்கைக் கடவுச்சீட்டும் உண்டு. அவர் தடையில்லாமல் போய் வரலாம். பிள்ளைகள் இங்கே பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள். மனைவியின் தம்பி துணைப் பாதுகாப்பின் கீழ் நாலு வருட அட்டை வைத்திருப்பவர். அத்தானுக்கு உள்ள தடை தனக்கும் அப்படியே உண்டா என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. ஓகஸ்ட் விடுமுறைக்கு மனைவியும் பிள்ளைகளும் நல்லூர்த் திருவிழாவுக்குப் புறப்படுவார்கள். கணவர் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்துவிட்டு ரயிலில் தனியே வீடு திரும்புவார். அவருக்கு அந்த வருடமும் லா சப்பல் மாணிக்க விநாயகர் தேர்தான்.

சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது; இல்லை என்று சொல்ல முடியாது. தடை செய்யப்பட்ட நாட்டுக்குப் போயே ஆக வேண்டிய விதிவிலக்கான நிலை வந்தால், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குத் தற்காலிகப் பயண அனுமதி கேட்கலாம். தாய் தகப்பனின் கடைசி நேரத்தை விட விதிவிலக்கான நிலை வேறென்ன இருக்க முடியும்? ஆனால் அந்த வாசலுக்குப் போகும் வழியைப் பாருங்கள். முதலில் அலுவலகத்தில் ரொந்தேவூ, அதாவது சந்திப்பு நேரம், எடுக்க வேண்டும். அதற்கு இணையத்தளத்தில் இடம் இருக்க வேண்டும். ஆதாரம் காட்ட வேண்டும். ஊரில் கிராம சேவையாளரிடமும் பதிவாளரிடமும் அலைந்து மரணச் சான்றிதழ் எடுத்து, அதைப் படம்பிடித்து அனுப்பி, இங்கே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் வாங்க வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் ஊரில் அந்திரட்டியும் முடிந்துவிடுகிறது. உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு போனவரிடம், நோய் எவ்வளவு கடுமையானது என்று இந்தக் கடிதம் சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் டொக்டர் அவசரத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த நாலு வரியில் அதற்கு மேல் எதை எதிர்பார்க்கிறார்கள்?

அனுமதி கிடைத்தவருக்கும் நிம்மதி இல்லை. சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மறுபடி ஏற்றுக்கொண்டவர் அகதியாக நீடிக்க முடியாது என்பது 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையிலேயே உள்ளது. அப்படியானால் அரசு கொடுத்த அனுமதியோடு செத்தவீட்டுக்குப் போய் வந்தது அந்தக் கணக்கில் சேருமா, சேராதா? ரூ காயில் ஒரு கடையின் பின்பக்கம், படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசையில் நடந்த பேச்சு இது:

"தம்பி, அம்மா ஐசியூவில. இந்தப் பேப்பரோட நான் போகலாமோ?"

"போகலாம் அக்கா. வந்தாப் பிறகு காட் இருக்குமோ எண்டுதான் தெரியேல்ல."

"ஆரிட்டக் கேக்கிறது?"

"ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்லுவினம்."

அந்த அக்கா போகவில்லை. தடுத்தது சட்டமா அச்சமா என்று அவருக்கே தெரியாது. படிவம் நிரப்பும் அந்தத் தம்பியைக் குறை சொல்லவும் முடியாது. அரசு எழுத்தில் சொல்லாத ஒன்றை அவர் எப்படி உறுதியாகச் சொல்வார்? ஆனால் இந்த மௌனத்தைக் காசாக்குகிறவர்களும் நம் தெருவில் இருக்கிறார்கள். 'எனக்கு உள்ளே ஆளைத் தெரியும்' என்று ரொந்தேவூ விற்பவர்கள், அகதி அந்தஸ்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தால் ஒன்றும் நடக்காது என்று கூசாமல் சொல்பவர்கள். அந்தஸ்து போனாலும் ஐந்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்தவரின் அட்டையைத் தொட மாட்டார்கள் என்று ஒரு சட்டத்தரணி சொல்கிறார். சட்டம் மாறிவிட்டது, கவனம் என்று இன்னொருவர் சொல்கிறார். நடுவில் நிற்கும் மனிதர் 20 வருட வாழ்க்கையை எதை நம்பி அந்தஸ்தைத் திருப்பிக் கொடுக்கும் கையெழுத்தில் வைப்பார்?

ஊருக்குப் போக முடியாதவர்கள் தாயைத் தமிழ்நாட்டுக்கு வரவழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் விமானம் தொடங்கியபோது நம்மில் எத்தனை பேர் மகிழ்ந்தோம்! 2020இல் அது நின்றது. 2022 டிசம்பரில்தான் மறுபடி பறந்தது. எண்பது வயதுத் தாயைச் சக்கர நாற்காலியில் வைத்து, கடல் கடந்து, சென்னையிலோ திருச்சியிலோ வாடகை அறையில் இரண்டு வாரம் வைத்திருந்து பார்த்து அனுப்புகிறோம். அதற்கும் முதலில் அகதிப் பத்திரத்தில் இந்திய விசா குத்திக் கிடைக்க வேண்டும். நோயோ மரணமோ அந்த விசாவுக்காகக் காத்திருப்பதில்லை.

இலங்கையை விடுங்கள், லண்டனுக்கே போக முடிகிறதா? ரூ காயிலிருந்து கார் து நோர் நிலையம் நடைதூரம். அங்கே ஐரோஸ்டாரில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் லண்டன். (இந்த வீதிக்குப் பெயர் தந்த காய் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின் கட்டிப் பெரும் பணக்காரரானவர். அந்த வீதியில் வாழும் நமக்கு ரயில் ஏறுவதுதான் பாடாக இருக்கிறது.) அகதிப் பயணப் பத்திரத்தோடு விசா இல்லாமல் போய் வரும் ஐரோப்பிய உடன்பாட்டைப் பிரிட்டன் 2003இல் நிறுத்தி வைத்தது. அன்றிலிருந்து பத்து வருட அட்டை வைத்திருந்தாலும் விசா வேண்டும். இது தெரியாமல், வெம்பிளியில் தங்கச்சி மகளின் சாமத்தியவீட்டுக்குச் சேலையும் பலகாரமுமாகப் புறப்பட்டு, நிலையத்துக்கு உள்ளேயே இருக்கும் பிரிட்டிஷ் சோதனை மேசையில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் உண்டு. பயணச்சீட்டு விற்றவரும் சொல்லவில்லை, அட்டை கொடுத்தவரும் சொல்லவில்லை.

அகதி அல்லாத, இலங்கைக் கடவுச்சீட்டோடு பத்து வருட அட்டை வைத்திருப்பவர்களின் குழப்பம் வேறு மாதிரி. அவர்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் அட்டை புதுப்பிக்கக் கொடுத்து மாதக்கணக்கில் இழுபடுகிறது. கையில் இருப்பது காலாவதியான அட்டையும் இணையத்தில் இறக்கி அச்செடுத்த ஒரு தாளும். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் திரும்பி வரலாம் என்கிறது நிர்வாகம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சீட்டுப் பார்க்கும் பெடியனுக்கு அது எப்படித் தெரியும்? முத்திரை இல்லை, படம் இல்லை, பிரெஞ்சில் நாலு வரி மட்டும். ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு கொழும்பில் தங்கி, திரும்பி வருவதற்கென்று தனி விசா எடுத்து, வேறு சீட்டு வாங்கி வந்து சேரும்போது இங்கே உணவகத்தில் வேலைக்கு வேறு ஆள் நிற்கிறார்.

2021 ஜனவரியை யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனாவால் பத்து மாதம் மூடிக் கிடந்த இலங்கை விமான நிலையங்கள் 21ஆம் தேதி திறந்தன. பத்து நாளில் பிரான்ஸ் கதவை மூடியது. 29ஆம் தேதி மாலை அறிவிப்பு. 31ஆம் தேதி பிறந்ததும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே போகவும் அங்கிருந்து வரவும் கட்டாயக் காரணம் காட்ட வேண்டும் என்றாயிற்று. ஊருக்குப் போயிருந்த பத்து வருட அட்டைக்காரர் வீடு திரும்புவது கட்டாயக் காரணமா? அந்தக் கிழமை லா சப்பலில் எல்லாரும் கேட்ட கேள்வி அதுதான். கடைக்காரர், ஐயர், பயண முகவர் என்று எல்லாரும் ஒவ்வொரு விளக்கம் சொன்னார்கள். தொலைபேசியில் அலுவலகம் கிடைக்கவில்லை.

இப்படியான குழப்பம் எங்கும் நடக்கக் கூடியதுதான். 2017 ஜனவரி 27ஆம் தேதி அமெரிக்கா ஏழு நாட்டவருக்குப் பயணத் தடை போட்டபோது, நிரந்தர வதிவிடம் பெற்ற பச்சை அட்டைக்காரர்களையும் விமான நிலையங்களில் நிறுத்தி வைத்தார்கள். நீதிமன்றங்கள் தலையிட்டன, மக்கள் விமான நிலையங்களில் கூடினார்கள். பெப்ரவரி 1ஆம் தேதி, அந்தத் தடை நிரந்தர வதிவாளர்களுக்குப் பொருந்தாது என்று எழுத்தில் விளக்கம் வந்தது. தடை நல்லதா கெட்டதா என்பது வேறு. ஆனால் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று சொல்ல அந்த நாட்டுக்கு ஐந்து நாள் போதுமாக இருந்தது. அகதி, துணைப் பாதுகாப்பு, குடும்ப இணைப்பு என்று மூன்று வகையினருக்கு மூன்று பத்தி எழுத இங்கே 40 வருடம் போதவில்லை.

குடியுரிமை எடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே என்று சொல்பவர்கள் உண்டு. தீரும்தான். ஆனால் 2026 ஜனவரி 1 முதல் அதற்கு வேண்டிய மொழித் தகுதி பி2 ஆக உயர்ந்துவிட்டது. குடிமைத் தேர்வும் சேர்ந்துவிட்டது. காலை பத்து மணிக்கு உணவகத்தின் பின்கதவால் இறங்கி, நள்ளிரவு வரை தட்டுக் கழுவி, கிழங்கு உரித்து, 25 வருடம் உழைத்தவர் எந்த நேரத்தில் பிரெஞ்சு படித்திருப்பார்? அந்தச் சமையலறையில் பக்கத்தில் நின்றவரும் தமிழர். கேட்ட பாட்டும் தமிழ். 70 வயதைத் தாண்டி, 15 வருடம் இங்கே வாழ்ந்த அகதிக்கு மொழிச் சோதனை வேண்டாம் என்று சட்டமே விலக்குத் தருகிறது. நல்லது. ஆனால் அவருக்கு 70 ஆகும்போது, ஊரில் இருக்கும் தாய்க்கு என்ன வயது ஆகியிருக்கும்? அந்த விலக்கு கைக்கு வரும்போது பார்க்கப் போவதற்கு யார் மிஞ்சியிருப்பார்கள்?

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. இணையத்துக்கு மாற்றினால் வரிசை ஒழியும் என்றார்கள். வரிசை வெளியில் தெரியாமல் போனது, அவ்வளவுதான். விடிய நாலு மணிக்குக் குளிரில் நின்றவர் இப்போது நள்ளிரவில் திரையைத் தட்டிக்கொண்டு இருக்கிறார். அவசர விண்ணப்பங்களுக்குத் தனி வழி வரும் என்றார்கள். பல மொழிகளில் விளக்கக் கையேடு வரும் என்றார்கள். தேர் நாளில் வந்து மாலை வாங்கிக்கொண்டவர்களும், தேர்தல் நேரத்தில் கடை கடையாக ஏறிக் கை கொடுத்தவர்களும் கவனிக்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், படிவத்தின் நிறம்கூட மாறியது.

இந்தத் தடையையே நீக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்று சொல்லித்தான் பாதுகாப்புப் பெற்றோம். அந்த ஆபத்து எல்லோருக்கும் போய்விடவும் இல்லை. இலங்கை அரசு 2014இல் 16 அமைப்புகளையும் 424 பேரையும் பயங்கரவாதப் பட்டியலில் போட்டது. பிறகு வந்த அரசுகள் சிலரை எடுத்தன, சிலரைச் சேர்த்தன. 2022இல் மறுபடி ஒரு தொகுதியை நீக்கின. இன்று பட்டியலில் இல்லாதவரின் பெயர் நாளை அதில் வராது என்று யார் உறுதி தருவார்? 1979ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டம் நம்மில் பலரின் இளமையைச் சிறையில் தின்றது. ஆகவே திரும்பிப் போக அஞ்சுபவரின் அச்சத்தை இந்த நாடு மதிக்கத்தான் வேண்டும். அதே மனிதர் அந்த அச்சத்தையும் மீறித் தாயின் முகம் பார்க்க நாலு நாள் போய் வந்தால், நீ பொய் சொன்னவன் என்று அவர் மீது சந்தேகம் விழக் கூடாது.

நாம் கேட்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கிற அனுமதியைக் காலத்தோடு கொடுங்கள் என்கிறோம். தாய், தகப்பன், கணவன், மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர் இறந்தாலோ சாகக் கிடந்தாலோ 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல ஒரு அவசர மேசை வேண்டும். ரொந்தேவூ இல்லாமல் அங்கே போக முடிய வேண்டும், சனி ஞாயிறிலும் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியின் ஆங்கிலக் கடிதத்தை அப்படியே ஏற்று, மரணச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் திரும்பி வந்த பிறகு ஒப்படைக்க அவகாசம் தருவதில் அரசுக்கு என்ன நட்டம்? அந்த அனுமதியோடு போய் வந்தது மட்டும் அகதி அந்தஸ்தைப் பறிக்கக் காரணமாகாது என்றால், அனுமதித் தாளிலேயே அதை ஒரு வரியில் அச்சிடலாம். காரணமாகும் என்றாலும் அச்சிடுங்கள். தெரிந்து முடிவெடுக்கும் உரிமையாவது எங்களுக்கு இருக்கட்டும்.

எந்த அட்டையோடு எந்த நாட்டுக்குப் போகலாம், எங்கே விசா வேண்டும் என்று தமிழிலும் ஒரு தாள் வேண்டும். அதைப் பத்து வருட அட்டை கொடுக்கும்போதே கையில் கொடுக்க வேண்டும். புதுப்பித்தலில் இருக்கும் காலத்துக்கு, விமான நிறுவனங்கள் பார்த்ததும் ஏற்கக் கூடிய, படமும் முத்திரையும் உள்ள தாள் ஒன்றும் வேண்டும். அது முடியாதென்றால் அட்டை முடிவதற்குள் புதிய அட்டையைக் கொடுத்துவிடுங்கள். அதிகாரிகள் நினைத்தால் இவற்றில் பாதியை ஒரு சுற்றறிக்கையில் செய்யலாம். உணவகங்கள் ஓகஸ்டில்தான் மூடுகின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு விடுப்பென்று கிடைப்பது அந்த ஒரு மாதம். அதற்கு வேண்டிய பயணச்சீட்டை மார்ச்சிலேயே வாங்கியாக வேண்டும். அறிவிப்பு அதற்கு முன்னால் வந்தாக வேண்டும்.